படமெடுக்கும் கண்ணும் படம் திருத்தும் கையும்

நிழற்படம் ஒன்றைக் கண்டு வியப்பவர், அதனை எடுத்தவர் யார் என்று கேட்பர். அதனைக் கழுவியவர் யார், படியெடுத்தவர் யார், முகத்தில் விழுந்த கறையை நீக்கியவர் யார் என்று கேட்பவரைக் காண்டல் அரிது. ஆயினும் நிழற்படக் கலை தோன்றிய நாள்தொட்டே அது இருவகை உழைப்பால் ஆனது. எதிரே நிற்பவரைக் கண்டு, ஒளியைக் கணித்து, தக்க கணத்தைத் தேர்ந்து படம் பிடிப்பது ஒரு வகை. பிடித்ததைக் கண்ணுக்குத் தெரியும் படமாக்கி, குறை நீக்கி, உரியவர் கையில் சேர்ப்பது மற்றொரு வகை. முன்னது நொடியில் முடியும். பின்னது நாட்கணக்கில் நீளும்.

இவ்விரண்டையும் ஒருவரே செய்தல் வேண்டுமா? பின்னதைப் பிறரிடம் ஒப்படைத்து, மிஞ்சும் நேரத்தை முன்னதற்குச் செலவிடுதல் தகுமா? இன்று திருமணப் படமெடுக்கும் தொழிலாளர் பலர் நள்ளிரவில் கணினித் திரையின்முன் அமர்ந்து தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா இது. கணினி பிறந்தபின் பிறந்த வினா என்று பலரும் எண்ணுவர். உண்மையில் இவ்வினாவின் வயது நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் அதிகம். விடையைத் தேடுவோர்க்கு அதன் வரலாறே நல்லாசான்.

ஒரு படமும் பல படியும்

பிரான்சு நாட்டு டாகுவேர் கண்ட நிழற்பட முறை 1839ஆம் ஆண்டில் பாரிசு அறிவியற் கழகத்தின் வாயிலாக உலகிற்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும். ஒரு தகடு ஒரே படம். அதற்குப் படியும் இல்லை. எனவே எடுத்தவரே அதனை முடித்தும் கொடுத்தார். பணியைப் பிரிக்க இடமே எழவில்லை.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1841ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற முறையில் முதலில் தாளில் எதிர்ப்படம் ஒன்று உருவாகும். நெகடிவ் என்று பின்னாளில் எல்லாரும் அறிந்தது அதுவே. அதிலிருந்து வேண்டிய அளவு படிகளை எடுக்கலாம். படம் பிடிப்பதும் படியெடுப்பதும் இடத்தாலும் காலத்தாலும் வேறாயின. வேறானவற்றை வேறு வேறு மனிதர் செய்தலும் இயல்பாயிற்று.

டால்பட்டின் இல்லத்தில் பணியாளாக இருந்தவர் நிக்கோலாஸ் ஹென்னமன் என்னும் டச்சுக்காரர். 1844ஆம் ஆண்டளவில் அவர் இலண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் படியெடுக்கும் நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். கண்ணாடிச் சட்டங்களில் எதிர்ப்படத்தையும் உப்புத்தாளையும் சேர்த்து வைத்து, வரிசை வரிசையாக வெயிலில் காயவைத்துப் படியெடுத்தனர். டால்பட் வெளியிட்ட ‘இயற்கையின் தூரிகை’ என்னும் நிழற்பட நூலுக்குரிய படிகள் இங்கேதான் உருவாயின. படமெடுத்தவர் ஒருவர், படியெடுத்தவர் வேறொருவர் என்னும் தொழில்முறைக்கு இந்நிலையம் முன்னோடி எனின் மிகையாகாது.

முதற் படிப்பினையும் இந்நிலையத்திலேயே கிடைத்தது. 1846ஆம் ஆண்டில் கலை இதழ் ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான படிகளை விரைந்து தரவேண்டி வந்தது. விரைவு மிகுந்த இடத்தில் கழுவுதல் குறைந்தது. வாசகர் கையைச் சேர்ந்த படிகளுட் பல நாளடைவில் மங்கின. டால்பட்டின் கலையே நிலையற்றது என்ற பேச்சு எழுந்தது. படங்கள் மங்குவதன் காரணத்தை ஆராய இலண்டன் நிழற்படக் கழகம் 1855ஆம் ஆண்டில் தனிக்குழுவே அமைக்கும்படி ஆயிற்று. படிகளில் எஞ்சிய இரசாயனத்தை நீரால் நன்கு போக்காமையே முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனக் குழு கண்டது. கழுவியவர் கையில் நேர்ந்த குறைக்குப் பழி ஏற்றவர் படத்துக்குரியவர். பணி கைமாறலாம், பழி கைமாறாது.

இதே காலத்தில் பிரான்சின் லீல் நகரை அடுத்து, 1851ஆம் ஆண்டில் பிளாங்கார் எவ்ரார் என்பவர் பெரியதோர் அச்சகத்தை நிறுவினார். வெயிலை நம்பியிராமல், தாளை இரசாயனத்தால் கழுவி உருவத்தை வெளிக்கொணரும் முறையை அவர் கையாண்டார். ஒருவர் தாளைப் பூசுவார், ஒருவர் சட்டத்தில் இடுவார், ஒருவர் கழுவுவார், ஒருவர் அட்டையில் ஒட்டுவார். இப்பணிகளைச் செய்தவருள் பெரும்பாலார் அவ்வூர்ப் பெண்கள். எகிப்து முதலிய நாடுகளில் சுற்றி வந்த மாக்சிம் டு காம்ப் தம் எதிர்ப்படங்களை இவ்வச்சகத்திடம் கொடுத்தே 1852ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்டார். பாலைவனத்தில் அலைந்த கால் அவருடையது. படத்தைத் தாளில் நிறுத்திய கை அப்பெண்களுடையது.

தஞ்சையிலும் பினாங்கிலும்

பணியைப் பகிரப் போதிய கைகள் இல்லாதவன் நிலை என்ன என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியான லின்னேயசு டிரைப் 1855ஆம் ஆண்டில் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் பல படங்களை எடுத்தார். எடுத்து முடிக்கச் சில மாதங்களே ஆயின. ஆனால் 120 படங்கள் கொண்ட தொகுதியில் 50 படிகள் தருமாறு அரசு கேட்டது. ஐம்பதை நூற்றிருபதால் பெருக்கினால் ஆறாயிரம் தாள்கள் ஆகும். பெங்களூரில் இருந்துகொண்டு அவற்றை முடிப்பதிலேயே அவர்தம் காலம் பெரிதும் கழிந்தது.

சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்ந்த டிரைப், 1858ஆம் ஆண்டில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்காலத் தாளெதிர்ப்படங்களில் வானம் வெறுமையாகவே வரும். டிரைப் எதிர்ப்படத்தின் மேல் வண்ணம் தீட்டி முகிலையும் இலைகளையும் சேர்த்தார். படத்தைத் திருத்துதல் அன்றே கலைஞரின் கைவினையாக இருந்தது என்பதற்கு இது சான்று.

ஆனால் செலவு மிகுந்ததென்று கருதிய சென்னை ஆளுநர் டிரவெல்யன் இப்பணியை நிறுத்த ஆணையிட்டார். 1860ஆம் ஆண்டளவில் அது முடிவுற்றது. மதுரைக் கோபுரத்தையும் தஞ்சை விமானத்தையும் அத்துணை நுட்பமாகக் கண்ட அக்கண்ணுக்கு, அதன்பின் தமிழகத்தில் வேலை இல்லாமற் போயிற்று. படமெடுத்த நாட்கள் சில. படியெடுப்பதில் தேய்ந்த நாட்கள் பல.

டிரைப்பின் பணி நின்று ஈராண்டு கழிந்தபின், கடலுக்கு இப்பால் நம் பினாங்குத் தீவில் மற்றொருவர் வேறொரு வழியை மேற்கொண்டார். அவர் எடின்பரோவில் பிறந்த ஜான் தாம்சன். 1862ஆம் ஆண்டில் கீழ்த்திசைக்கு வந்த அவர், பினாங்கிலும் புரோவின்சு வெல்லஸ்லியிலும் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டு முறை மிகக் கடினமானது. தகட்டில் மருந்தைப் பூசி, அஃது உலரும் முன் படம் பிடித்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவுதல் வேண்டும். துணையின்றி இத்தொழிலை நடத்துதல் அரிது.

தாம்சன் சென்னை மாகாணத்து மனிதர் இருவரைத் தேர்ந்து, படியெடுப்பவராகவும் உதவியாளராகவும் பழக்கினார். 1875ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பயண நூலில் இதனை அவரே குறித்துள்ளார். மனிதக் கை படாமல் உருவத்தை எடுப்பது தீய வித்தை என்று கருதிச் சீனர் இப்பணிக்கு வர மறுத்தனராம். தென்னிந்தியரைக் குறிக்க அந்நாளில் வழங்கிய ‘கிளிங்’ என்னும் சொல்லால் அவ்விருவரையும் அவர் சுட்டுகிறார். பினாங்குத் தொழில் தமக்கு வருவாயையும் தந்து, பயண வேட்கையையும் நிறைவேற்றியது என மகிழ்ந்து எழுதுகிறார். அவர் பின்னர் 1866இல் அங்கோர் சென்றார், சீனத்தை விரிவாகப் படமாக்கினார், பெரும்புகழ் பெற்றார்.

அந்நூல் தாம்சனின் பெயரை உலகறியச் செய்தது. அவ்விருவரோ ‘சென்னை மனிதர் இருவர்’ என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். மலாயா மண்ணில் நிழற்படத் தொழில் வேரூன்றிய அத்தொடக்க நாளில், இரசாயனத்தில் கை நனைத்தவருள் நம்மவர் இருவரும் இருந்தனர் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

பென்சிலும் கத்தியும்

படியெடுப்பது போலவே படத்தைத் திருத்துவதும் தனித்தொழிலாயிற்று. மூனிக் நகரைச் சேர்ந்த பிரான்சு ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பவர் 1855ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில், ஒரே உருவத்தின் திருத்தாத படியையும், எதிர்ப்படத்தில் திருத்தம் செய்தபின் எடுத்த படியையும் காட்சிக்கு வைத்தார். கண்டோர் வியந்தனர். அதுமுதல், ‘என் முகத்தைச் சற்றுச் சரிசெய்து கொடுங்கள்’ என்னும் வேண்டுகோள் நிலையங்கள்தோறும் ஒலிக்கலாயிற்று.

முறை எளியது, கை மட்டும் பழகியிருத்தல் வேண்டும். எதிர்ப்படத்தில் பென்சிலால் தீட்டிய இடம் படியில் வெளுத்துத் தோன்றும். கத்தியால் சுரண்டிய இடம் கறுத்துத் தோன்றும். சுருக்கம், தழும்பு, கண்ணுக்குக் கீழுள்ள நிழல் ஆகியவற்றின் மேல் கூரிய பென்சில் மெல்லச் செல்லும். ‘டச்சிங்’ என்று ஸ்டூடியோக்களில் வழங்கிய வேலை இதுவே. பெரிய நிலையங்கள் இதற்கெனத் தனியாட்களை அமர்த்தின. சிறிய நிலையங்கள் எதிர்ப்படங்களைத் திருத்துவோரிடம் அனுப்பிப் பெற்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தொழிலில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். நிலைய வாயிலில் தொங்கிய பெயர்ப்பலகையில் அவர்களுக்கு இடம் இல்லை.

இங்கே ஓர் இடர் ஒளிந்திருந்தது. பென்சில் தீட்டினால் முகம் வெளுக்கும் என்றோமன்றோ? முகத்தை வெளுப்பாக்குவதே அழகாக்குவது என்ற எண்ணம் திருத்துவோர் மனத்தில் படிந்தால், கருநிறத்தவர் முகம் அவர் முகமாகவே இராது. பாட்டியின் படத்தைப் பார்த்துப் பேரன் ‘இது யார்?’ என்று கேட்கும் நிலை வரும். திருத்துபவர் தம்மை அறியாதவராக, தம் ஊரையும் அறியாதவராக இருக்கும்போது இவ்விடர் இரட்டிப்பாகும். இஃது இன்றும் தீராத இடர்.

ராச்செஸ்டர் நகரில் நிகழ்ந்த மாற்றம்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1877ஆம் ஆண்டில் பயணம் ஒன்றுக்காகப் படக்கருவி வாங்கினார். கருவியோடு கூடாரம், தகடுகள், மருந்துப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து சுமையாயின. இச்சுமையைக் குறைப்பதே அவர்தம் வாழ்நாள் வேலையாயிற்று. உலர்தகடு செய்யும் தொழிலைத் தொடங்கி, வங்கி வேலையை விட்டார். 1888ஆம் ஆண்டில் ‘கோடக்’ என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார்.

விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்குரிய சுருள் இருக்கும். நூறும் முடிந்ததும் கருவியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் பெற்றுக்கொண்டு, அவர்கள் சுருளைக் கழுவிப் படியெடுத்து, புதிய சுருளை இட்டுத் திருப்பி அனுப்புவர். விசையை அழுத்துவது உம் வேலை, மற்றவை எம் வேலை என்பதே அவர்தம் விளம்பரத்தின் சாரம். ஈஸ்ட்மன் விற்றது கருவியை மட்டுமன்று. இருட்டறையில் கழியும் நேரத்தினின்று விடுதலையையும் விற்றார்.

பின்னர் மருந்துக்கடை, பலசரக்குக்கடை ஆகியவற்றிலும் பிலிம் சுருளைக் கொடுத்துச் சில நாளில் படமாகப் பெறும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. 1935ஆம் ஆண்டில் வந்த கோடாக்குரோம் என்னும் வண்ணச் சுருளைக் கழுவும் முறை மிகச் சிக்கலானது. எடுத்தவர் வீட்டில் செய்ய இயலாதது. எனவே சுருளின் விலையிலேயே கழுவுகூலியும் சேர்க்கப்பட்டது. பிறர் போட்டியிட இடமின்றி இருந்த இந்நிலை, அமெரிக்க நீதிமன்ற இசைவாணையால் 1954ஆம் ஆண்டில் மாறிற்று. பணியை ஒருவரிடமே ஒப்படைத்தே தீரவேண்டும் என்னும் நிலை ஒப்படைப்பவருக்கு நன்றன்று என்பதை அந்நாடு உணர்ந்ததன் விளைவு அது.

இரு கலைஞர், இரு வழி

எளியோர்க்கு இது பொருந்தும். பெருங்கலைஞர்க்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறுவர். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியில் இருட்டறையில் தாமே படியெடுக்கவில்லை. 1950ஆம் ஆண்டில் பாரிசில் பியர் காஸ்மன் நிறுவிய படக்கூடம் அவருக்கும் அவர்தம் தோழர்க்கும் படியெடுத்துத் தந்தது. ஆனால் அவர் ஒன்றில் உறுதியாக இருந்தார். தாம் எடுத்த சட்டத்தின் ஓரத்தைப் பிறர் வெட்டக்கூடாது என்பதே அது. எதை ஒப்படைப்பது, எதை ஒப்படைக்காதிருப்பது என்ற எல்லையை அவர் தெளிவாக வகுத்தார். எஞ்சிய காலத்தில் உலகைச் சுற்றினார்.

இதற்கு நேர்மாறானவர் அமெரிக்கக் கலைஞர் யூஜின் ஸ்மித். தம் படத்தின் ஒவ்வொரு நிழலையும் தாமே அமைத்தாலன்றி அவருக்கு மனநிறைவு வாராது. 1955ஆம் ஆண்டில் பிட்சுபர்க் நகரைப் பற்றிய நூல் ஒன்றுக்கு நூறு படங்கள் வேண்டுமென்று மூன்று வாரப் பணியாக அவரை அனுப்பினர். அவரோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஆண்டுக்கணக்கில் அவற்றோடு போராடினார். தாம் எண்ணியவாறு நிறைவு செய்ய அவரால் இயலவே இல்லை. அவர்தம் படிகளின் அழகை உலகம் இன்றும் போற்றுகிறது. ஆயினும் ஒன்றையும் பிறர் கையில் விடமாட்டாத மனம் தன் பெரும்பணியைத் தானே மூழ்கடித்தது என்பதும் உண்மை.

இசைப்பயிற்சி பெற்றவரான ஆன்செல் ஆடம்ஸ், எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும் படியெடுத்தலை இசை நிகழ்ச்சிக்கும் ஒப்பிட்டார். இவ்வுவமை இரு வழியையும் விளக்கும். குறிப்பை எழுதியவரே வாசிக்கலாம், பிறரும் வாசிக்கலாம். ஆனால் குறிப்பைத் தெளிவாக எழுதாதவர், வாசித்தவரைப் பழித்தல் ஆகாது.

பழித்த கதையும் ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இராபர்ட் காப்பா எடுத்த போர்ப்படங்களுள் பதினொன்றே எஞ்சின. இலண்டன் இருட்டறையில் இளம் பணியாளன் ஒருவன் வெப்பத்தை மிகுத்து மற்றவற்றைப் பாழாக்கினான் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. 2014ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர் சிலர் இக்கதையை மறுத்தனர். வெப்பத்தால் அவ்வாறு நேர்ந்திருக்க இயலாது என்றும், எடுக்கப்பட்ட படங்களே அவ்வளவுதான் என்றும் வாதிட்டனர். அப்போது படப் பதிப்பாசிரியராக இருந்தவரும் அவ்வாறு இருத்தல் கூடும் என்று இறுதியில் ஒப்பினார். எழுபதாண்டுக் காலம் பழி சுமந்தவன் இருட்டறையில் நின்ற சிறுவன். வெளிச்சத்தில் நிற்பவரின் பெயர் ஒளிரும். இருளில் நிற்பவரின் மேல் பழியே விழும். பணியை ஒப்படைப்போர் மறக்கலாகாத நிகழ்ச்சி இது.

மீண்டும் வந்த இருட்டறை

கோடக் நிறுவனத்திலேயே 1975ஆம் ஆண்டில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் பிலிம் வேண்டாத மின்னணுப் படக்கருவியைச் செய்து காட்டினார். 1990ஆம் ஆண்டில் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறப்புகள் உருவாக்கிய போட்டோஷாப் என்னும் மென்பொருள் வெளிவந்தது. பென்சிலும் கத்தியும் செய்த வேலையைக் கணினி செய்யலாயிற்று. பிலிம் வணிகம் சரிந்தது. 2010ஆம் ஆண்டு இறுதியோடு கோடாக்குரோம் கழுவும் கடைசி நிலையமும் அப்பணியை நிறுத்திற்று. 2012ஆம் ஆண்டில் கோடக் நிறுவனம் திவால் காப்பு நாடிற்று.

இருட்டறை ஒழிந்தது என்று கலைஞர் மகிழ்ந்தனர். அது மேசைமேல் வந்து அமர்ந்ததை அவர்கள் உடனே உணரவில்லை. சுருளில் 36 படங்களே இருந்த காலத்தில் எண்ணிப் பார்த்தே விசையை அழுத்தினர். எண்ணிக்கைக்கு வரம்பில்லாத காலத்தில் ஒரு திருமணத்துக்கே ஆயிரக்கணக்கில் படங்கள் குவியலாயின. ஈஸ்ட்மன் எடுத்துச் சென்ற சுமை, நூறாண்டு கழித்துக் கலைஞரின் தோளுக்கே திரும்பிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு திருமணத்தில் 400 படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டும் எனக் கொள்க. ஒரு படத்துக்கு 3 நிமிடம் எனின் 1,200 நிமிடம். அதாவது 20 மணி நேரம். மாதம் நான்கு திருமணங்கள் எனின் 80 மணி நேரம். நாளுக்கு 8 மணி என்று வகுத்தால், மாதத்தில் 10 நாட்கள் திரையின்முன்னரே கழியும். திருத்தும் பணியைப் பிறரிடம் கொடுத்து, தேர்ந்தெடுக்கவும் சரிபார்க்கவும் மட்டும் திருமணத்துக்கு 4 மணி நேரம் செலவிட்டால் 16 மணி நேரம் போதும். அஃது இரண்டு நாட்களே. எட்டு நாட்கள் மிஞ்சுகின்றன. திருத்துவோர்க்குக் கொடுக்கும் கூலியைக் காட்டிலும் அவ்வெட்டு நாளின் பயன் பெரிதாயின், ஒப்படைத்தல் அறிவுடைமை, அல்லாக்கால் அன்று.

இக்கணக்கைப் போட்டவர்கள் இணையத்தின் வழியே திருத்துவோரைத் தேடினர். இந்தியா, வங்காளதேசம், பிலிப்பைன்சு, வியட்நாம் ஆகிய நாடுகளில் இதற்கெனவே நிலையங்கள் எழுந்தன. நியூயார்க்கில் இரவு ஆகும்போது டாக்காவில் பகல். மாலையில் அனுப்பிய படம் அங்குள்ளோர் கையில் திருந்தி விடியலில் திரும்பும். அண்மை ஆண்டுகளில் கணினி நிரல்களே இப்பணியின் ஒரு பகுதியை ஏற்கத் தொடங்கியுள்ளன. ரெடிங் நகரத்து வெயில் சட்டங்கள் முதல் இன்றைய நிரல்கள் வரை வடிவம் மாறிற்று, வினா மாறவில்லை.

வரலாறு கற்பிப்பது

இந்நெடிய வரலாற்றினின்று பெறத்தக்க படிப்பினைகள் சில உள.

முதலாவது, ஒப்படைப்பதற்கு முன் தன் கருத்து தனக்கே தெளிவாதல் வேண்டும். வேண்டிய நிறம் எது, ஒளி எவ்வளவு, எதைத் தொடக்கூடாது என்பவற்றைச் சொற்களால் எழுதி, தானே திருத்திய சில படங்களையும் மாதிரியாக அனுப்புபவர் நல்ல பயன் பெறுவர். முதலில் சிறு தொகுதியைக் கொடுத்துப் பார்த்தபின் பெரிய பணியைக் கொடுத்தலே முறை. மூலப்படத்தின் படியொன்றைத் தம்மிடமே காத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது.

இரண்டாவது, தேர்வையும் இறுதிப் பார்வையையும் கைவிடலாகாது. மணமகளின் கண்ணீர் துடைத்த தாயின் படம் எது, வெறும் கூட்டத்தின் படம் எது என்பதை அங்கு நின்றவரே அறிவர். கடல் கடந்திருப்பவர் அறியார். குங்குமத்தைக் கறையென்று நினைத்து அழிக்கும் கையும், மாநிறத்தை மாசென்று நினைத்து வெளுக்கும் கையும் எங்கும் இருத்தல் கூடும். நம்மை நம்பி முகத்தைக் காட்டியவர்க்கு, அம்முகத்தை மாற்றாது திருப்பித் தருதல் கடன்.

மூன்றாவது, மிஞ்சிய நேரம் எங்குச் செல்கிறது என்று பார்த்தல் வேண்டும். எட்டு நாட்கள் மிஞ்சின எனின், அவற்றுள் மேலும் எட்டுத் திருமணங்களை அடைப்பவர் சோர்வையே பெருக்குவர். தாம்சன் மிஞ்சிய நேரத்தில் பயணம் செய்தார். கார்த்தியே பிரெசோன் மனிதரைக் கண்டார். கண்ணைக் கூர்மையாக்காத ஓய்வும், கல்வியைப் பெருக்காத ஓய்வும், குடும்பத்தோடு உணவருந்த உதவாத ஓய்வும் ஓய்வாகா.

நான்காவது, மறுகையை மறத்தலாகாது. உரிய கூலியை உரிய நாளில் கொடுத்தலும், இயலும் இடத்தில் பெயரைக் குறித்தலும், குறை நேர்ந்தபோது பழியைத் தானே ஏற்றலும் ஒப்படைப்பவரின் அறம்.

திருவள்ளுவர் இதனை என்றோ அறிந்திருந்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புவதைத் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் முதலில் வைத்தார். நம்பியவனிடம் பணியை ஒப்படைப்பதைத் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அடுத்த அதிகாரத்தில் வைத்தார். தெளிவு முன்னும் ஒப்படைப்பு பின்னுமாக நிற்கும் அவ்வரிசையே ஒரு பாடம்.

தாம்சன் எடுத்த பினாங்குப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றிக் காக்கப்படுகின்றன. தென்னை வரிசையும் கடற்கரையும் மனித முகங்களும் அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. மருந்து மணக்கும் கூடாரத்தில் நின்று படியெடுக்கப் பழகிய அவ்விருவரின் முகங்களை அவற்றில் தேடுவோம், காணோம். ஆயினும் மாணவர் எவரேனும் இனி ஒரு பழம்படத்தைக் காணும்போது, எடுத்தவரின் பெயரைப் படித்ததோடு நில்லாமல், ‘இதனைக் கழுவிய கை யாருடையது?’ என்றும் கேட்பாராயின், அவ்விருவர்க்கும் உரிய மதிப்பு ஓரளவேனும் கிட்டியதாகும்.